மொச்சைப் புரதத்தின் கடைசிக் குப்பி

குழி குழியாக இருந்த அந்த பிளாஸ்டிக் தட்டில் இருந்தது என் ரத்தம். கோவையில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில், எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவியான ஆய்வகத்து அக்கா, "கையக் காட்டு அம்மணி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லி எடுத்தது. மொச்சையிலிருந்து அவர் பிரித்தெடுத்த புரதம் ரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டினால் குழியின் அடியில் சிவப்புப் படலம் விரியும். ஒட்டாவிட்டால் அணுக்கள் சறுக்கி இறங்கிக் குங்குமப் பொட்டாய்க் குவியும்.

புரதம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் எது ஒட்டும் வேலையைச் செய்கிறது என்பதுதான் அக்காவின் கேள்வி. ஹிஸ்டிடின் என்ற அமிலம்தான் என்று நம்பினார். அதைப் பிடித்து மாற்றும் ரசாயனம் ஒன்று உண்டு. அதைச் சேர்த்ததும் ஒட்டும் திறன் போனால் பாதி விடை. ஏறிய ரசாயனத்தை இன்னொன்றால் கழற்றும்போது திறன் திரும்பி வந்தால்தான் முழு விடை.

அப்போது அக்கா கர்ப்பிணி. வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு விருந்து, கொங்குப் பக்கத்து வளைகாப்பு. அது முடிந்த கையோடு தாராபுரத்துக்கு, தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். புரதம் ஒரே குப்பிதான் மிச்சம். ரசாயனத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பதுதான் முறை; அதற்கு நாள் பிடிக்கும்.

"கொஞ்சங் கொஞ்சமா உடலாமுங்களா அக்கா?"

"அப்படி உட்டா கட்டுச்சோத்துக்கு எனக்குப் பதிலா நீதான் உக்காரோணும்."

சிரித்துக்கொண்டே, முந்தானையால் மூக்கை மூடி, மொத்தத்தையும் விட்டார். குழிகளில் வரிசையாகப் பொட்டுகள். "போச்சு பாரு அம்மணி, போச்சு!" ஒன்று போனதற்காக அவ்வளவு மகிழ்ந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பிறகு கழற்றும் ரசாயனத்தைச் சேர்த்துக் காத்திருந்தோம். மறுபடியும் பொட்டுகளே. அளவு மிஞ்சி வேறு அமிலங்களிலும் ஏறிவிட்டதோ, ஹிஸ்டிடின் என்று நினைத்ததே தவறோ, சொல்ல வழியில்லை. குப்பி காலி. அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "வாரேன்" என்றார். வரவில்லை.

எனக்கும் திருமணமாகி மகள் பிறந்தாள். காய்ச்சல் மருந்தை அவளுக்குச் சொட்டுச் சொட்டாக அளக்கும்போது, கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ என்று சொட்டுக்குழாயை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். கொடுத்த பிறகும் மனம் ஆறுவதில்லை. பரிசோதனையையாவது இன்னொரு முறை செய்துபார்க்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன்.

போன ஆடியில் கொடுமுடிப் படித்துறையில் அக்காவைப் பார்த்தேன். வீடு, வாசல் எதையும் விசாரிக்கவில்லை.

"அப்பறம் ஆராச்சும் அளவக் கொறச்சுப் பாத்தாங்களா?"

"இல்லீங்க அக்கா. நானும் ஆராய்ச்சிய பாதில உட்டு நின்னுபோட்டேன்."

என் தோளில் தூங்கிய குழந்தையைச் சற்று நேரம் பார்த்தார்.

"அப்ப ஒட்ட வெக்கறது எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். பிறகு, தண்ணீரை நோக்கி ஓடிய மகனைப் பிடிக்கப் படியிறங்கிப் போனார்.