பத்தடிச் சுவர்

செவ்வாய்க்கிழமை காலை நான் அத்திப்பட்டு சைட்டில் இருந்தபோது அற்புதராஜின் மருமகன் போன் செய்தார். "மாமா போய்ட்டாருங்க. நாஷ்டா துன்னுகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." தட்டில் இட்லியை மீதம் வைத்து எழுகிற ஆளே அல்ல சர்வேயர் அற்புதராஜ்.

பதினோரு ஆண்டுகள் அவர் கருவியில் கண்வைக்க, நான் எதிரே அளவுகோலைப் பிடித்து நின்றேன். கோபக்காரர். கோல் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். மத்தியானம் தன் குழம்பு மீனை என் டப்பாவில் தள்ளுபவரும் அவரே.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்கு நிலம் அளந்தபோது புதருக்குள் அந்தப் பழைய கற்சுவர் அகப்பட்டது. இடுப்பளவு உயரம், சுண்ணாம்போ மண்ணோ இல்லை, வெறும் கல்மேல் கல். ஊரில் ஒருவர் கோட்டை என்றார், இன்னொருவர் மாட்டுப்பட்டி என்றார். அற்புதராஜ் மழையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "ஏரிக்கரையும் இல்ல சேகரு, ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கல." அவருக்கு அது விளையாட்டுக் கேள்வி அல்ல. "எங்க ஆளுங்கதான் இந்தக் கல்ல சொமந்திருப்பாங்க. இன்னாத்துக்குன்னு அவங்களுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நானாவது தெரிஞ்சிக்கணும்பா." மேலாளரிடம் மன்றாடி, சுவரை இடிக்கக் கூடாது என்று வரைபடத்தில் எழுத வைத்தார்.

கெடுத்தவன் நான். நில மட்டம் பார்க்க ஒரு குறி வேண்டுமென்று அதன் கல்லொன்றில் சிவப்பு பெயின்ட் அடித்தேன். அந்த சைட்டில் சிவப்பு என்றால் இடிப்பதற்கு. மறுநாள் ஜேசிபி பத்தடியைச் சாய்த்த பிறகுதான் ஓடிப்போய் நிறுத்தினோம். ஆபீஸில் கேட்டபோது, "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார் அற்புதராஜ். என்னை அவர் திட்டாதது அந்த ஒரு முறைதான். அதுதான் இன்றும் வலிக்கிறது. வேலை அத்திப்பட்டுக்கு மாறியதும் அந்தப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆரணியில் அடக்கம் முடிந்ததும் நேரே தேர்வாய் கண்டிகைச் சுவருக்குப் போனேன். இடிந்த இடத்தைத் தேடினேன், அகப்படவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் கைநீட்டிக் காட்டினார்.

"அந்த சாரு ஞாயித்துக்கெழமைல சர்ச்சு முடிஞ்சி வந்து ஒண்டியா அடுக்கிக்கினு இருப்பாரு. இன்னாத்துக்கு நைனான்னு கேட்டேன். 'என் கூட்டாளி இந்தப் பக்கம் வரவே வெக்கப்படறான்மா, அவனுக்குத்தான்'னாரு."

பழைய கல் எது, அவர் வைத்த கல் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சுவரை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாமலே போய்விட்டீர்கள், அற்புதராஜ். போய் வாருங்கள். இனி யாராவது என்னிடம் கேட்டால், பத்தடிக்கு மட்டும் பதில் சொல்வேன்.