உதட்டில் ஒட்டும் பக்கம்

பிலிமின் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்துப் பார்க்கிறார் எல்பியோ. ஒட்டினால் அது மங்கல் பக்கம், வழுக்கினால் மினுக்குப் பக்கம். அட்டைச் சட்டத்திலிருந்து உருவிய ஸ்லைடை இப்படி உதட்டுக்குக் கொண்டுபோகாமல் அவர் படம் பெருக்கும் இயந்திரத்தில் வைத்ததே கிடையாது. யார் வீட்டுக் கல்யாணப்பெண்ணாக இருந்தாலும் சரி, எவனோ பண்ணையில் படம் பிடித்த காளைமாடாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரு முத்தம் உண்டு. "பெண்டாட்டி ஏன் விட்டுட்டுப் போனான்னு இப்பத்தானே புரியுது" என்று ஒருநாள் சீண்டினேன். "அவ போனப்புறம் வந்த பழக்கம்தான் மாபெல் இது" என்றார், பிலிமை வாயிலிருந்து எடுக்காமலே.

உருகுவேயின் மொந்தேவிதேயோவில், ஜூலைப் பதினெட்டுச் சாலையிலிருந்து உள்ளே போகிற பழைய கடைத்தொகுதியில் அவர் கடையும் என் பொத்தான் கடையும் எதிரெதிரே இருக்கின்றன. வியாபாரம் இல்லாத நேரம்தான் எனக்கு அதிகம். ஆகவே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன்.

பிஸ்கட் டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் ஸ்லைடுகளை அள்ளிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சுவரில் படுக்கைவிரிப்பைக் கட்டி, ஜன்னலை மூடி, ப்ரொஜெக்டரில் ஸ்லைடு காட்டுவார்கள். பாதிப் படத்தில் பெரியப்பா குறட்டை விடுவார். கடற்கரையில் அத்தை குனிந்து நிற்கும் படம் வந்தால் போதும், வருஷா வருஷம் அதே சிரிப்பு. இப்போது விரிப்பும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. டப்பா மட்டும் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுத் தருவதுதான் எல்பியோவின் தொழில். ஒரு மீட்டருக்குக் குறைந்து செய்யமாட்டார். "சின்னதா வேணும்னா பர்ஸுல வெச்சுக்குங்க. விரிப்புல எவ்வளவு பெருசா பார்த்தீங்களோ, அவ்வளவு இருக்கணும்" என்பார்.

பழைய ஸ்லைடுகள் சிவந்து கிடக்கும். நிறத்தைச் சரிசெய்ய, ஒத்துப்பார்க்க அவருக்கு ஒரு வெள்ளை வேண்டும். மேஜைவிரிப்பு, பல், கல்யாண உடுப்பு எதையும் நம்பமாட்டார். "பள்ளிக்கூட அங்கி இருக்கிற படம் ஏதாவது அதே டப்பாவில் உண்டா?" என்றுதான் கேட்பார். நீல ரிப்பன் முடிச்சோடு நாங்கள் எல்லாரும் போட்டுத் திரிந்த அந்த வெள்ளை அங்கி! அது எப்படி வெளுத்திருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. அம்மா அதைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி வைப்பாள், கழுத்தில் உரசும். என் கடையில் மாட்டியிருக்கிற படத்தில் பிரியாபோலிஸ் கடற்கரையில் நான் ஈர முடியோடு பல்லிளித்துக்கொண்டு நிற்கிறேன். அதன் வானம்கூட என் தம்பியின் அங்கியை வைத்துத்தான் நீலமானது.

போன மழைக்காலத்தில் நிபியா வந்தாள். ரொட்டிக்கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவள் கையில் ஒரே ஒரு ஸ்லைடுதான் இருந்தது. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது செத்துப்போன அம்மா, ரவிக்கையும் பாவாடையுமாக ஒரு வேலியில் சாய்ந்து நிற்கிறாள். அம்மாவுக்கு வேறு படமே கிடையாதாம். நிபியாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா விரிப்பைக் கட்டி அந்த ஒன்றைக் காட்டுவாராம். "கிட்டப் போயி அம்மா கன்னத்து மச்சத்தைத் தொட்டுட்டுத்தான் கேக் வெட்டுவேன்" என்றாள். அப்பாவும் இப்போது போய்விட்டார். சுவரில் மாட்ட வேண்டும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. மழை பெய்தால் இங்கே எல்லா வீட்டிலும் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்போம். நானும் ஒரு தட்டு கொண்டுபோயிருந்தேன். நிபியாவை உட்காரவைத்து எல்பியோ சட்டத்தின் மேலிருந்த துணியை இழுத்தார். அவள் எழுந்து கிட்டே போனாள். மச்சத்தைத் தொட நீண்ட கை பாதியில் நின்றுவிட்டது.

"இது எங்கம்மா இல்ல."

மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. அவள் பார்த்த அம்மாவுக்கு அது இடது கன்னம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்லைடு இரண்டு பக்கமும் தெரியும் பொருள். மினுக்குப் பக்கம் நம்மைப் பார்த்தால் உலகம் உள்ளபடி இருக்கும், புரட்டிவிட்டால் இடது வலதாகும். எந்தப் பக்கம் போடவேண்டும் என்று மறக்காமலிருக்க ஸ்லைடின் அட்டைச் சட்டத்து மூலையில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். நிபியாவின் அப்பா பொட்டைப் பின்பக்கத்தில் வைத்துவிட்டார். அதுவும் அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து. படத்தில் ஓர் எழுத்தோ கடிகாரமோ இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். வேலியும் வானமும்தானே.

எல்பியோ பொறுமையாக விளக்கினார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், காதில் ஏறவில்லை. கடைசியில் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். பொம்பளை ரவிக்கையில் பொத்தான் எந்தப் பக்கம் என்று சொல்லச் சொன்னார். இடது பக்கம்தான், இந்தப் படத்தில் இருக்கிறபடி என்றேன். அவள் சொல்கிறபடி புரட்டினால் ஆம்பளைச் சட்டையாகிவிடும் என்றும் சொன்னேன். தொழில் கேள்வி, பொய் சொல்ல முடியுமா?

"அப்பா சட்டையைப் போட்டிருந்தா?" என்றாள் நிபியா.

எல்பியோ குனிந்து அந்தப் பொத்தான்களை மறுபடி பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை வருஷமா தொட்டது யாரு கன்னம், ஐயா?" என்று கேட்டுவிட்டு, குடையை மறந்து மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

பொரித்தது ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்கள் உதடு சொல்வது சரிதான், அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நாக்கு வழிக்கவா என்று கேட்டேன். அவர் குழல் வைத்து மாத்தே இலைச்சாற்றை உறிஞ்சியபடி இருந்தார். "திருப்பிப் போட்டா பொய்யாயிடும், மாபெல். நான் இதுவரைக்கும் ஒரு படத்தைக்கூடத் திருப்பிப் போட்டதில்ல."

"அந்த விரிப்புல அவ பார்த்தது பொய்யா?" என்றேன்.

திங்கட்கிழமை காலை நான் கதவைத் தூக்கும்போதே அவர் கடையில் விளக்கு எரிந்தது. அந்த ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு உதட்டுக்குக் கொண்டுபோகாமல், நகப்பூச்சுப் பொட்டை மட்டும் பார்த்து, அட்டைச் சட்டத்தோடு அப்படியே இயந்திரத்தில் வைத்தார்.

குடை இங்கேயே இருக்கிறது என்று நான்தான் நிபியாவுக்குப் போன் செய்தேன். வந்தவள் மேஜைமேல் விரித்திருந்த புதுத் தாளைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய் மச்சத்தின்மேல் விரலை வைத்தாள். அப்புறம் அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்து நசுக்கினாள். அடங்கிய பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த பழைய படத்தைக் காட்டி, கொஞ்சம் பயந்தாற்போல் கேட்டாள். "அவங்களை என்ன பண்ணுவீங்க?"

எல்பியோ பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினார். இரண்டு தாள்களையும் முதுகோடு முதுகு சேர்த்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வேலியின் மேல் வேலி விழுந்தது. மச்சத்தின் மேல் மச்சம் கச்சிதமாக உட்கார்ந்தது. நிபியா முன்பக்கம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து வெகுநேரம் வரவில்லை.

எல்பியோ சட்டத்தின் பின்னட்டையை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்துக்கும் ஒரு கண்ணாடி அறுக்க உட்கார்ந்தார்.