சுண்ணாம்புக் கல்லும் என் பேரறிவும்

சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன் நண்பர்களே... இதை ஒருவரும் நம்பப் போவதில்லை.

காதுமடல் வரை வெள்ளைத் தூசி. அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடை போடும் கிளார்க் நான். சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறித் தும்மினால் டிரைவர் வைப்பரைப் போடுவார்!

அதே பஸ்ஸில்தான் தேன்மொழியும் வருவாள். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்ன படித்தவள் என்று நான் கேட்டதே இல்லை. என் பிளஸ் டூ பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் பெரம்பலூர் வந்துவிடும்.

சுரங்கத்தில் கிடைத்த சுருண்ட கல் ஒன்றை ஒருநாள் நீட்டினேன்.

"சோழர் காலத்து யானையோட காதுங்க. கல்லாப் போயிடுச்சு."

"அப்படிங்களா?"

கண்கள் அகல விரிந்தன. அவற்றில் ஒரு மாவட்டமே மூழ்கும்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை, "ஞாயித்துக்கெழம ஜெயங்கொண்டத்துலேருந்து பொண்ணு பாக்க வராங்க" என்றாள்.

மிச்சமிருந்த அறிவையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"இந்த எடமே ஒரு காலத்துல கடலுங்க. கல்லங்குறிச்சியில திமிங்கலம் மேஞ்சுச்சு. எங்க முப்பாட்டன்தான் வலை போட்டாரு!"

அவள் சிரித்துவிட்டாள்.

"கடல் மட்டும் நெசங்க. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி. அன்னைக்குக் காட்டுனீங்களே, அது நத்தை மாதிரி ஒரு கடல் பிராணி. நான் எம்.எஸ்சி. ஜியாலஜி."

கண்டக்டர் விசில் ஊதுவதை மறந்தார்.

"அட... இவ்ளோ நாளா ஏங்க சொல்லல?"

"சொன்னதும் ரெண்டு மாப்பிள்ளைங்க ஓடிட்டாங்க. நீங்களும் பேச்ச நிறுத்திட்டீங்கன்னா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கு எங்க அப்பாவ வந்து பாருங்க. அங்க திமிங்கலமெல்லாம் வேணாம்."

சனிக்கிழமை போனேன். சிங்கம்போல மூன்று மணி நேரம் முழங்கினேன். அவள் அப்பா கண்ணீர் மல்க எழுந்து நின்று, பெண்ணோடு பத்து ஏக்கர் முந்திரித் தோப்பையும் தருவதாகக் கதறினார். நான்தான் தோப்பு வேண்டாம் என்றேன்.

இப்போது என் அக்கா மகள் கல்யாண வெப்சைட்டில் முதல் வரியிலேயே பிஎச்.டி. என்று போட்டுவிட்டாள். பயப்படுகிறவன் அங்கேயே கழன்றுகொள்கிறான். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் உட்கார வேண்டியதில்லை. நல்லதுதான்... ஆனால் ஒரு மணி நேர பஸ் பயணம் என்ற ஒன்று அவளுக்குக் கிடைக்கவே போவதில்லை.

சரி, சத்தியம் செய்துவிட்டேனே... அந்த சனிக்கிழமை என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசி, அப்பாவிடம் சம்மதம் வாங்கினாள். அது மட்டும் உண்மை.