பொய் வானத்துக்கு ஒரு வேலைநிறுத்தம்

வானம் செய்து அனுப்புவது என் தொழில். ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் உட்கார்ந்துதான். எங்கோ ஒரு பாலைவனத்தில் வரிசை வரிசையாக அன்டெனாக்களை நட்டு, முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ரேடியோ முனகலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். நிஜத் தரவு வருமுன் கணக்குமுறை சரியா என்று பார்க்கப் பொய்த் தரவு வேண்டும். நான் கணினியில் பொய் வானம் செய்து, பொய் இரைச்சலும் கலந்து கொடுப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரைச்சலைக் கழித்து, நான் ஒளித்து வைத்ததைத் தேடுவார்கள்.

"நீ கலந்து குடுத்து அவங்க பிரிக்கணுமா? வேற வேலையே இல்லையா ஒங்களுக்கு?" என்றார் அப்பா.

அதுவும் தற்காலிக வேலை. அந்த ஞாயிறு மதியத்துக்குள் புது வானம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வருடமும் நீடிப்பேன். இல்லையென்றால் முன்பு வேலைக்கு நின்ற கொழும்புத் துணிக்கடைக்கே திரும்ப வேண்டும்.

அதற்கு முந்தின நாள், எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்து என் வேலையைப் பற்றி விசாரித்தார். எனக்கு மாமா முறை. என் வாய் சும்மா இருந்ததா? அன்டெனா இருக்கும் பக்கம் போனே கொண்டுபோகக் கூடாது, ஒரு போன் ஓடினாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று பெருமையடித்தேன். மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு யோசனையோடு போனார்.

ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு அக்காவின் போனில்தான் டவர் ஒழுங்காகப் பிடிக்கும். அதன் டேட்டாவில் வானம் பாதி போயிருந்தபோது கோயில் மைக் கரகரத்தது.

"நம்ம புள்ள வானத்தக் கேட்டுக்கிட்டு இருக்கு. மறு அறிவிப்பு வரைக்கும் ஒரு வீட்டுலயும் போன் ஓடக் கூடாது. இது சங்கத்தோட முடிவு."

சங்கம் சொன்னால் கொழுந்துக் கூடையையே இறக்கி வைக்கிற ஆட்கள் நாங்கள். போன் எம்மாத்திரம்? வானம் பாதியில் நின்றது. அக்கா வீட்டுக்கு ஓடினேன். போனை அணைத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு, உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். தாங்கக்கா என்று கெஞ்சினால், "என்னயக் கருங்காலியாக்கப் பாக்குறியா?" என்கிறாள்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கோயிலுக்கு ஓடினேன். "மாமா, அது நெசமான வானம் இல்ல. நானே செஞ்சது. அத அனுப்பத்தான் போன் வேணும்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயே செஞ்சதுன்னா அதுல என்னா இருக்குன்னு ஒனக்குத் தெரியுமே. அப்பறம் எதுக்குப் புள்ள வெளிநாட்டுக்காரங்க தேடணும்?"

விளக்க நேரமில்லை. மைக்கில் போராட்டம் வாபஸ் ஆனது. லயம் மொத்தமும் ஒரே நேரத்தில் போனைப் போட்டு வீடியோ பார்க்கத் தொடங்க, டவர் திணறியது. வானம் இம்மியும் நகரவில்லை. வெட்கத்தை விட்டு மறுபடி மாமாவிடம் போய் நின்றேன். அக்காவின் போனைத் தவிர மற்றதெல்லாம் நிற்க வேண்டும்.

"அதத்தானே நான் மொதல்லயே சொன்னேன்," என்று மைக்கைத் தட்டினார்.

மதியத்துக்குச் சற்று முன் வானம் போய்ச் சேர்ந்தது. சொல்வதற்காகக் கோயிலுக்குப் போனேன். மாமா அப்போதுதான் தன் போனைப் போட்டிருந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அழைத்ததாகச் செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்த வீட்டு முதலாளிகள் அவளுக்கு ஞாயிறு காலை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். திருப்பி அழைத்தார். அவள் போன் அணைந்திருந்தது.

"அத விடு, அடுத்த கெழம பேசிக்கலாம். ஒன் வானம் போயிருச்சா?"

"போயிருச்சு மாமா."

அது பொய் வானம் என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.