பாராளுமன்றத்தின் முன்னால் தம்பி

நானும் தம்பியும் ரொறன்ரோவுக்கு வந்த முதல் கோடையில் ஊரிலிருந்த அப்பாவுக்கு ஒரு பொய் எழுதி அனுப்பினோம். அனுப்பும்போது அது பொய் என்று எங்களுக்கே தெரியாது.

அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்தால் நடைதான் எங்கள் பொழுதுபோக்கு. வெல்லஸ்லி வீதியால் மேற்கே அரைமணி நேரம் நடந்தால், இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய பெரிய மாளிகை ஒன்று வரும். முன்னால் கொடி, புல்வெளி, வாசலின் இரு பக்கமும் பழைய பீரங்கிகள். அதுதான் கனடாவின் பாராளுமன்றம் என்று எங்கள் மாடியில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். வந்த புதிதில் எவருக்கு ஒட்டாவா தெரியும்? அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பாத பெடியன் எங்கள் மாடியில் இல்லை.

தம்பியும் கூட இருந்த ஒருவரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். கைகள் கோட்டுக்குள் காணாமல் போயிருந்தன. பீரங்கியில் ஒரு கையை ஊன்றி, நாட்டையே ஆளப் பிறந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, பல்லைக் காட்டாமல் கெதியா எடு. ஆக்கள் பாக்கினம்" என்று என்மேல் பாய்ந்தான். கமரா ஆட ஆட எடுத்தேன்.

படத்தின் பின்புறத்தில் 'கனடா பாராளுமன்றத்தின் முன்னால்' என்று எழுதி அனுப்பினான். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். கோயிலுக்கு அடுத்தபடி அவர் மதித்தது அரசாங்கக் கட்டடத்தைத்தான். படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். சில மாதம் கழித்து ஆங்கில வகுப்பில்தான் உண்மை தெரிந்தது. அது மாகாணத்துச் சட்டசபையாம். பாராளுமன்றம் இருப்பது ஐந்து மணி நேரம் காரில் ஓடிப் போகவேண்டிய ஒட்டாவாவிலாம். அன்றைக்கு நானும் தம்பியும் வயிறு நோகச் சிரித்தோம்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. மனுசன் இதுக்குள்ள ஊர் முழுக்கக் காட்டியிருக்கும்" என்றான்.

அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்பதற்கு நான் என்னவும் கொடுப்பேன். தம்பி நோயில் விழுந்து, மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டான். அப்பாவுக்கு நேரத்துக்கு விசா கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் செத்தவீட்டை அவர் போனில்தான் பார்த்தார்.

போன கோடையில்தான் வந்து சேர்ந்தார். மறுநாளே கல்லறைக்குக் கூட்டிப்போனேன். மெழுகுதிரி கொளுத்தினார், செபித்தார். திரும்பி நடக்கும்போது, "இதில அவன்ரை பேர்தான் கிடக்குது. அவன் நிண்ட பாராளுமன்றத்தை எனக்கு ஒருக்காக் காட்டு பிள்ளை. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் ஒட்டாவாவுக்கே கொண்டுபோய்க் காட்டிவிடுவோம், வயதுபோன கண்ணுக்கு எல்லாக் கட்டடமும் ஒன்றுதான் என்று நினைத்தேன். என்ன மடைப் புத்தி எனக்கு!

சனிக்கிழமை காலை என் கணவர் வான் வண்டியை எடுத்தார். நகரத்தின் கிழக்கு விளிம்பில் மோர்னிங்சைட் தாண்டமுதல் செபமாலை தொடங்கிவிட்டது. வழியில் கிங்ஸ்டனில் நிறுத்தி இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். அப்பா பாதியிலேயே கை கழுவிவிட்டு, "வெளிக்கிடுவம்" என்று அவசரப்படுத்தினார்.

ஒட்டாவாவில் பாராளுமன்றம் திருத்த வேலைக்காக வேலியடைத்துக் கிடந்தது. பச்சைக் கூரைக்கு மேலே கிரேன்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். சட்டத்திலிருந்து கழற்றிக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்! படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார்.

"பீரங்கி எங்கை?"

"திருத்த வேலையெல்லோ மாமா, எங்கையாவது கழற்றி வைச்சிருப்பினம்" என்று என் கணவர் சமாளித்தார்.

"கல்லின்ரை நிறத்தையும் கழற்றி வைச்சவையோ?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா ஏசவில்லை. "உனக்கும் அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். ரொறன்ரோ வந்து சேரும்வரை நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் அவரைச் சப்வேயில் ஏற்றி, அந்தச் சட்டசபை இருக்கும் குயின்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனேன். இளஞ்சிவப்புக் கல் கண்ணில் பட்டதும், "உதுதான்" என்றார். என்னை விட்டுவிட்டு விறுவிறென்று முன்னால் நடந்தார். பீரங்கிகள் இரண்டும் அப்படியே இருந்தன. நான் ஓடிப்போய் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்பா, இதிலதான் தம்பி நிண்டவன். வந்து அவனை மாதிரிக் கையை வையுங்கோ. நான் படம் எடுக்கிறன்."

அவர் வரவில்லை.

"நீ எங்கை நிண்டு அவனை எடுத்தனீ?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்து, நடைபாதையில் ஓர் இடத்தைக் கைகாட்டினேன். அப்பா அங்கே போனார். படத்தைப் பார்த்து ஓரடி பின்னால் எடுத்து வைத்தார், பிறகு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் விளங்காமல் போனும் கையுமாகப் பீரங்கிக்கு முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில் பிள்ளை" என்றார். "அவனை மறைக்கிறாய்."