மேம்பாலத்தில் விழுந்த கியர்

பட்டறையில் அவளுக்கு மீட்டர் என்று பெயர். கையில் கரண்ட் அளக்கும் மீட்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுவது அண்ணன் வேலை. கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் வேலை. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். இப்போது ஆட்டோமேட்டிக் வண்டி எங்கே மக்கர் பண்ணினாலும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள்.

அன்று அவள் வெளியூர் வேலை முடித்துப் பட்டறைக்குள் நுழைந்தபோது, ஆஸ்பத்திரி வேன் நடுவில் நின்றது. நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவிடும் வேன். வாசலுக்கு வெளியே, வெயிலில், அதன் டிரைவர் நின்றிருந்தார். அவளுடைய முன்னாள் கணவர்.

விஷயத்தை அண்ணன் சொன்னார். மேம்பாலம் ஏறும்போது வேன் தூக்கிப் போட்டதுபோல் குலுங்கி வேகம் செத்திருக்கிறது. பின்னால் இருந்த நோயாளி ஒருவர் கம்பியில் மோதிப் பல் உடைந்துவிட்டது. கியர் தானாக விழுந்தது என்கிறார் டிரைவர். கண்டபடி ஓட்டிவிட்டுக் கதை விடுகிறார் என்கிறது ஆஸ்பத்திரி. வண்டியில் கோளாறு இல்லை என்று பட்டறை சொல்லிவிட்டால் அவர் வேலை போய்விடும்.

அண்ணன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்திருந்தார். ஓட்டியும் பார்த்தார், வெண்ணெய் மாதிரி ஓடியது. வண்டியின் கோளாறுகளைப் படித்துக்காட்டும் ஸ்கேனரில் மட்டும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குறைந்தது என்று ஒரு குறிப்பு இருந்தது. போன மாதம் பேட்டரி செத்தபோது விழுந்த பழைய குறிப்பு அது என்று அழித்துவிட்டார்.

"அந்த ஆளு வாயத் தொறந்தா பொய்தான். உனக்குத் தெரியாததா? சாயங்காலம் ஆஸ்பத்திரி பொறுப்பாளருக்குப் போன் போட்டு, வண்டி நல்லாருக்குன்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

அவளுக்குத் தெரியும். வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி வேறெங்கோ போனவர். பேசிய பேச்சில் பாதி பொய் என்பதை அவள் பிறகு அடுத்தவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். பேட்டரி மாற்றிய பிறகு அந்த வேன் ஒருமுறை பட்டறைக்கு வந்தது. பழைய குறிப்புகளையெல்லாம் அன்றே அவள் கையாலேயே அழித்திருந்தாள். அப்படியென்றால் அண்ணன் பார்த்தது புதுசு.

சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. தண்ணீர் குடித்தாள். கை கழுவினாள். திரும்பி அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, அது பழசு இல்ல" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வலிதான் அதிகம். அவனுக்காகவா என்று கேட்டார். அவள் வேனுக்கு அடியில் படுத்தாள்.

அந்த வண்டியில் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வரும் கரண்ட் ஒரு நொடி விட்டுப்போனாலும் கியர் மூன்றுக்கு வந்து பூட்டிக்கொள்ளும். கரண்ட் கொண்டுவரும் ஒயர் கம்ப்யூட்டரில் சேரும் முனையில் மீட்டரின் நீளமான இரண்டு கம்பிகளைக் கோத்து, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஓட்டுவதற்கு வெளியே நின்றவரைக் கூப்பிட்டாள்.

பல வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே வண்டியில். அவர் பெல்ட்டைச் சரிபார்க்கச் சொன்னார். அவள் மீட்டரையே பார்த்திருந்தாள். பதினாலு வோல்ட். மேம்பாலம் ஏறினார்கள், எண் அசையவில்லை. இறங்கித் திரும்பி மறுபடி ஏறினார்கள். பதினாலுதான். பட்டறையிலிருந்து அண்ணன் போன் அடித்தார், அவள் எடுக்கவில்லை. ஒருவேளை அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

"அன்னைக்கு எப்படி ஓட்டினீங்களோ அப்படியே ஓட்டுங்க" என்றாள். பிரிந்த பிறகும் 'நீங்க' என்பதை மாற்ற அவளுக்கு வாய் வரவில்லை.

"இப்படித்தான். மெதுவாத்தான் போனேன்."

"மெதுவா போனா ஒண்ணும் ஆகலையே. பாக்குறீங்க இல்ல?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார். "முன்னாடி ஒரு பஸ். ஏறவே மாட்டேன்னு ஊர்ந்துச்சு. அத முந்தலாம்னு நல்லா அழுத்தினேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பேசுகிற நேரமில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "அழுத்துங்க" என்றாள்.

கண்ணாடியில் பின்னால் வெறுமையாகத் தெரியும்வரை காத்திருந்து கிளம்பினார். ஏற்றத்தில் பாதியில் அழுத்தினார். என்ஜின் உறுமியது. மீட்டரில் பதினாலு, பதினாலு, பிறகு ஒன்பது, பிறகு வெறும் பூஜ்யம். அதே நொடி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வேன் குலுங்கியது. பெல்ட் அவள் தோளை அறுத்தது. பின்னால் எங்கிருந்தோ வந்துவிட்ட ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு உரசாத குறையாகக் கடந்து போனது. அவர் பதறாமல் வண்டியைப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அந்த ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனாள். சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட்டை யாரோ பின்னால் பொருத்தியபோது, அதற்கான கேபிளை இந்த ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் என்ஜின் இருந்த இடத்திலேயே அசைந்து முறுக்கிக்கொள்ளும். நெகிழ இடமில்லாத ஒயர் இழுபடும். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. கட்டுக்குப் பக்கத்தில் மெல்ல இழுத்தாள். அந்த இடத்தில் மட்டும் ஒயர் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

அண்ணன் குனிந்து, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பொறுப்பாளரிடம் அவளே பேசட்டும் என்று போனை அவளிடம் நீட்டினார்.

டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்னை நம்பிட்டியா?" என்று கேட்டார்.

"நம்பல. அளந்து பாத்தேன்." பிறகு சொன்னாள்: "வண்டில கோளாறு இருந்துச்சுன்னு நான் சொல்றேன். பஸ்ஸ முந்தினத நீங்களே சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

போனை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்க வெகுநேரம் யோசித்தார். வாங்கினார். பொறுப்பாளரிடம் அவர் பேசியதை அவள் முழுக்கக் கேட்கவில்லை. குரல் மட்டும் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

வேலை போகவில்லை. ஆனால் நோயாளிகளை ஏற்றும் வேனை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, சலவைத் துணி ஏற்றும் வண்டியைக் கொடுத்தார்கள். உடைந்த பல்லை ஆஸ்பத்திரியே கட்டிக்கொடுத்தது. அவர் போய் நேரில் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்வி. அண்ணன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். பிறகு ஒரு காலையில், இரண்டாம் கியருக்கு வராத காரொன்றின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் அவளைக் கூப்பிட்டார். அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.