இடிக்கு முளைத்த காளான்

இன்று முகநூலில் காளான் குழு ஒன்றில் யாரோ படம் போட்டிருந்தார். "காட்டுக்குள் முளைத்திருந்தது. சாப்பிடலாமா?"

குடையைத் திருப்பிப் பார், தண்டில் வளையம் இருக்கிறதா பார், மணந்து பார் என்று ஆளுக்கொரு பதில். எங்கள் அம்மா கேட்கும் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து அச்சுவேலி. மாரி தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு மணியக்கா பனங்கூடலுக்குள் பிடுங்கிய காளானைக் கடகம் நிறையக் கொண்டுவந்தார்.

"இரவு இடி இடிச்சதோ?" என்றார் அம்மா.

இடிக்கு முளைப்பது நல்ல காளான், மற்றதெல்லாம் நஞ்சு. எங்கள் பக்கத்தில் சோதனை அவ்வளவுதான்.

"ஓம், வடிவாக் கேட்டனான். கடல் பக்கமா இடிச்சது."

கறி கொதிக்கும் நேரம் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். விசயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"உதை ஆர் இடி எண்டது? அது ஷெல்லடியப்பா, கடலிலயிருந்து நேவி அடிச்சது."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். மணியக்கா முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்தார். ஒரு முகில்கூட இல்லை.

அப்போதுதான் மறுபடி இடித்தது. இந்த முறை மிகக் கிட்ட.

சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினோம்.

திரும்பிவர அடுத்த மாரி ஆகிவிட்டது. வீடு இருந்த இடத்தில் கற்குவியல். அடுப்படி இருந்த மூலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று காளான் முளைத்திருந்தது. அம்மா அதைக் கண்டார். ஆனால், இடி இடித்ததா என்று கேட்கவில்லை.

குழுவில் இருக்கும் நிபுணர்களே, அது எந்த வகை?